பதின்மூன்றாம் இலக்கக் கடிதம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எங்களைப் பேச அழைத்தபோது, வைத்தியர்தானே, நீரிழிவைப் பற்றியோ மாதவிடாய் நிற்கும் காலத்தைப் பற்றியோ பேசுவோம் என்று எண்ணியிருப்பார். அவற்றைப் பற்றிப் பேச எங்களைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். நாங்கள் சொல்ல வந்தது வேறு. நாற்பது வயதைக் கடந்த பிறகு எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஏழு பேர், சனிக்கிழமை இரவுகளில் கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்து, ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குத் தகவல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று படித்தோம். ஏழு பேரில் இருவர் வைத்தியர். மற்றவர்களில் ஒருவர் கணக்காளர், ஒருவர் ஆசிரியை, ஒருவர் ரொறன்ரோவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், இருவர் வீட்டை நடத்துபவர்கள். ஒலிவாங்கிக்கு முன் ஒருவர்தான் நிற்கலாம் என்பதால் இங்கே ஒரு வாய் பேசுகிறது. ஆனால் "நாங்கள்" என்பது அந்த ஏழு பேரையும்தான்.

முதலில், ஏன் படித்தோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் பணிபுரிந்த ஒரு வைத்தியசாலைக்கு மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட இளைஞர் ஒருவரை இரவு பதினொரு மணியளவில் கொண்டுவந்தார்கள். சீ.ரீ. ஸ்கான் எடுத்தோம். தலைக்குள் குருதி கட்டியிருந்தது. உடனே அம்புலன்சில் ஏற்றி அனுப்புவதா, அல்லது புறப்படுமுன் இங்கேயே மண்டையோட்டில் துளையிட்டு அமுக்கத்தைக் குறைப்பதா என்பதைத் தூரத்துப் பெரிய வைத்தியசாலையிலிருந்த நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்தான் படங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். படங்களை அனுப்பினோம். நிபுணருடைய திரையில் நோயாளியின் பெயர் வந்தது, வயது வந்தது, எத்தனை படங்கள் என்ற பட்டியலும் வந்தது. படம் மட்டும் வரவில்லை. ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. திரும்ப அனுப்பினோம். கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டோம். கணினிப் பிரிவினரை எழுப்பினோம். அவர்கள் சோதித்துப் பார்த்து, "லைன் நல்லாய்த்தான் இருக்கு, டொக்டர்" என்றார்கள். இளைஞரின் இடது கண்மணி பெரிதாகத் தொடங்கியது. கடைசியில் எங்கள் திரையைக் கைத்தொலைபேசியால் படமெடுத்து அனுப்பினோம். அது நல்ல முறையல்ல, ஆனால் அவர் பார்த்தார், வழி சொன்னார். அதற்குள் ஐம்பது நிமிடங்கள் போயிருந்தன.

அந்த இளைஞர் பிழைத்தார். வலது கையில் பலவீனம் இருக்கிறது. அது அந்த ஐம்பது நிமிடங்களால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வரவில்லை என்றும் சொல்ல முடியாது.

எங்களை உறுத்தியது என்னவென்றால், இருதயம் எப்படி வேலை செய்கிறது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ஆண்டுக்கணக்காகப் படித்த எங்களுக்கு, ஒரு மனிதனின் உயிர் தங்கியிருந்த அந்த வயருக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு சொல்லும் தெரியவில்லை. பெயர் போகிறது, படம் போகவில்லை. ஏன்? கேள்வியைக்கூட ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லை.

இந்தக் கவலையை வகுப்புத் தோழிகளின் வட்ஸ்அப் குழுவில் சொன்னபோதுதான், எங்களுக்குப் பத்து ஆண்டுகள் பின்னால் இதே பாடசாலையில் படித்த ஒரு தங்கை, வலையமைப்புப் பொறியியலாளராக இருப்பவர், தான் சொல்லித் தருவதாக முன்வந்தார். பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவருடைய கட்டளை. கொரோனாவால் எல்லோரும் வீட்டில் அடைபட்டிருந்த காலம் அது. முதல் வகுப்பில் அந்த இரவு நடந்ததைச் சொன்னோம். ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டார். பிறகு, "அக்கா, கொம்பியூட்டரைப் பேந்து பாப்பம். இப்ப ஒரு கடிதம் எழுதுங்கோ, கத்தரிக்கோலால ஆறு துண்டா வெட்டுங்கோ" என்றார்.

இணையத்தில் எதுவும் முழுசாகப் போவதில்லை. அதுதான் முதற்பாடம். கடிதமோ படமோ பாட்டோ, எல்லாமே சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றும் ஓர் உறையில் இடப்பட்டு, ஒவ்வோர் உறையிலும் அனுப்புநர், பெறுநர் முகவரி எழுதப்பட்டுப் புறப்படுகிறது. இந்த உறைதான் பொதி. எங்களுக்குத் தெரிந்த பழைய தொலைபேசி முறை வேறு: இரண்டு பேர் பேசும் வரை அவர்களுக்கென்று ஒரு பாதை முழுவதும் ஒதுக்கப்பட்டிருக்கும். பொதி முறையில் பாதை யாருக்கும் சொந்தமில்லை. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் முகவரியைப் பார்த்து அடுத்த சந்திக்குத் தள்ளிவிடும். ஒரே கடிதத்தின் துண்டுகள் வெவ்வேறு வழியால் போகலாம், முன்பின்னாகச் சேரலாம், ஒன்றிரண்டு தொலைந்தும் போகலாம்.

இந்த யோசனை 1960களில் இரண்டு பேருக்குத் தனித்தனியே வந்தது. அமெரிக்காவில் பொல் பரன், அணுகுண்டு விழுந்து பாதி நிலையங்கள் அழிந்தாலும் மீதி நிலையங்களூடாகச் செய்தி போக வேண்டும் என்று ஆராய்ந்தார். பிரித்தானியாவின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் டொனால்ட் டேவிஸ், பலரும் ஒரே கணினியைக் காத்திராமல் பயன்படுத்த வழி தேடினார். 1965 இல் இதே முடிவுக்கு வந்து, "பக்கெற்" என்ற பெயரையும் வைத்தவர் அவர்தான். மற்ற மொழிகளிலும் சொல்லக்கூடிய சொல்லாக இருக்கட்டும் என்று மொழி அறிந்தவரிடம் கேட்டுத்தான் வைத்தாராம். தமிழில் அதற்குப் "பொதி" என்ற சொல் இவ்வளவு அழகாகப் பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. இணையமே அணுகுண்டுக்குப் பயந்து உருவானது என்று சிலர் சொல்வார்கள். பரனுடைய ஆய்வுக்கு அது சரி. ஆனால் முதலில் கட்டப்பட்ட அர்ப்பாநெற் என்ற வலையமைப்பு, விலையுயர்ந்த கணினிகளை ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்வதற்காகவே கட்டப்பட்டது. 1969 ஒக்டோபர் 29 அன்று அதில் முதற்செய்தியாக "லொகின்" என்ற சொல்லை அனுப்ப முயன்றார்கள். இரண்டு எழுத்துக்கள் போனதும் மறுமுனைக் கணினி செயலிழந்துவிட்டது. இதைக் கேட்டபோது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சரி, துண்டுகள் தொலைந்தால் என்ன செய்வது? முன்பின்னாக வந்தால்? இதற்கு வின்ற் சேர்வ், பொப் கான் என்ற இருவர் 1974 இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான் ரீ.சீ.பீ. என்னும் நடப்பொழுங்கு. 1983 ஜனவரி 1 அன்று அர்ப்பாநெற் முழுவதும் அதற்கு மாறியது. நடப்பொழுங்கு என்றால் பெரிய விஷயமில்லை. இரண்டு பேர் எப்படிப் பேசிக்கொள்வது என்று முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாடு. ரீ.சீ.பீ. முதலில் மூன்று சிறு பொதிகளால் தொடர்பை ஏற்படுத்துகிறது. தங்கை அதைச் சொல்லித் தந்த விதம்:

"ஹலோ, கேக்குதோ?"

"ஓம், கேக்குது. நான் சொல்லுறது உங்களுக்குக் கேக்குதோ?"

"ஓம் ஓம், கேக்குது."

வெளிநாட்டு அழைப்புக்காகத் தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நின்ற எங்கள் தலைமுறைக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்ததாக, அனுப்புபவர் ஒவ்வொன்றிலும் வரிசை எண் இடுகிறார். பெறுபவர், இது வரை கிடைத்தது என்று பதில் அனுப்புகிறார். பதில் வராவிட்டால் அனுப்புபவர் அதையே திரும்ப அனுப்புகிறார். சரியாகச் சொன்னால் எண் பொதிக்கு இடப்படுவதில்லை, அதிலுள்ள பைற்றுகளுக்கு இடப்படுகிறது. ஆனால் ஆரம்பத்தில் அதைப் பார்க்க வேண்டாம் என்றார் தங்கை.

அந்த இடத்தில் ரொறன்ரோத் தோழி தன் ஒலிவாங்கியைத் திறந்து, "இது எங்கட அம்மான்ரை கடிதமெல்லோ" என்றார்.

இளைய தங்கைமாருக்காகச் சொல்கிறோம். 1990 இன் நடுப்பகுதியிலிருந்து இங்கே மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. ஜாம் போத்தல் விளக்கில்தான் நாங்கள் படித்தோம். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்த அப்பாமாருக்கும் அண்ணாமாருக்கும் எழுதிய கடிதங்கள், கிளாலிக் கடலைக் கடந்து போவோரின் பையிலோ செஞ்சிலுவைச் சங்கத்தினூடாகவோ போகும். எது எப்போது சேரும் என்று சொல்ல முடியாது. மார்கழியில் எழுதியது மாசியில் கிடைக்கும், தையில் எழுதியது அதற்கு முன் கிடைத்துவிடும். ஆகவே பல வீடுகளில் கடிதத்தின் மேல் மூலையில் இலக்கம் போட்டு எழுதினார்கள். பதிலின் முதல் வரி சுகம் விசாரிப்பாக இராது. "உங்களுடைய 11, 12, 14 கிடைத்தன. 13 கிடைக்கவில்லை" என்றுதான் தொடங்கும். அம்மா 13ஆம் கடிதத்தை நினைவிலிருந்து திரும்ப எழுதுவார். அதற்காகவே அப்பியாசக் கொப்பி ஒன்றில் பிரதி வைத்திருந்த அம்மாமாரும் உண்டு.

தங்கை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: ரீ.சீ.பீ.யில் முதலில் "12 வரை கிடைத்தது" என்று மட்டுமே சொல்ல முடிந்ததாம். "14 தனியே கிடைத்துவிட்டது, 13 மட்டும்தான் குறை" என்று சொல்லும் வசதி 1996 இல்தான் நியமமாக எழுதப்பட்டதாம். எங்கள் அம்மாமார் அதைச் சில ஆண்டுகள் முந்திச் செய்திருக்கிறார்கள். அன்றைக்கு வகுப்பு அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் பாடத்தில் மனம் போகவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வீட்டைவிட்டுப் போனபோது அந்தக் கடிதக் கட்டுகளை எங்கே விட்டோம் என்றுதான் பேசினோம். ஒருவர் எடுத்துப் போயிருந்தார். மற்றவர்களுடையவை போயிற்று.

அடுத்து வந்த வாரங்களில் பலதையும் படித்தோம். எல்லாவற்றையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு பொதியிலும் ஓர் ஆயுள் எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூச்சியமானால் பொதியை எறிந்துவிடும். இல்லாவிட்டால் வழிதவறிய பொதிகள் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஈதர்நெற் வலைகளில் அப்படிச் சுற்றாமலிருக்க 1985 இல் வழி கண்டவர் ராடியா பேர்ல்மன் என்ற பெண். தன் கண்டுபிடிப்பை ஒரு சிறு கவிதையாகவும் எழுதி வைத்தவர். குரல் அழைப்புகளுக்கு ரீ.சீ.பீ.யைவிட யூ.டீ.பீ. என்ற இன்னோர் ஒழுங்கே பொருந்தும். அதில் தொலைந்ததைத் திரும்பக் கேட்பதில்லை. பேச்சில் ஓர் அசை விழுந்தால் ஊகித்துக்கொள்ளலாம், மூன்று விநாடி கழித்து அந்த அசையைக் கொண்டுவந்து தந்தால் என்ன பயன்?

எங்களுக்கு மிகவும் பிடித்தது நெரிசல் பற்றிய பாடம். 1986 ஒக்டோபரில், கலிபோர்னியாவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு, விநாடிக்கு 32,000 பிற்று என்ற வேகத்திலிருந்து 40 பிற்றுக்கு விழுந்தது. இரண்டுக்கும் இடையில் 400 யார் தூரம். நடந்து போய்க் கையில் கொடுத்திருக்கலாம். காரணம், பதில் வரவில்லை என்று எல்லோரும் திரும்பத் திரும்ப அனுப்பியதுதான். அந்தத் திரும்ப அனுப்பிய பொதிகளே வழியை அடைத்தன. வெளிநோயாளர் பிரிவில் இதை நாங்கள் நாளாந்தம் பார்க்கிறோம். கூப்பிடவில்லை என்று ஒருவர் இரண்டாவது துண்டு எடுப்பார், அதனால் வரிசை இன்னும் நீளும், அதைப் பார்த்துப் பின்னால் நிற்பவரும் இன்னொரு துண்டு எடுப்பார். வான் ஜேக்கப்சன் என்பவர் கண்ட மருந்து, 1988 இல் வெளியானது: மெதுவாகத் தொடங்கு, பதில் வர வரக் கூட்டு, ஒரு பொதி தொலைந்தால் உடனே பெருமளவு குறை. மேலேயிருந்து கட்டுப்படுத்த யாருமில்லை. ஒவ்வொரு கணினியும் தானே அடக்கிக்கொள்கிறது. இன்றும் இந்தக் கொள்கையில்தான் இணையம் ஓடுகிறது. மனிதர்களிடம் இது வேலை செய்யுமா என்று எங்கள் கணக்காளர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

பத்தாம் வாரம் தங்கை எங்களுக்கு ஒரு கணக்குத் தந்தார். சீ.ரீ. ஸ்கானில் ஒரு குறுக்குவெட்டுப் படம் 512 புள்ளி நீளம், 512 புள்ளி அகலம், ஒரு புள்ளிக்கு இரண்டு பைற்று. பெருக்கினால் 5,24,288 பைற்று. ஈதர்நெற்றில் ஒரு பொதி ஆகக்கூடியது 1,500 பைற்று. அதில் முகவரிக்கும் வரிசை எண் முதலியவற்றுக்கும் 40 போக, உள்ளே வைக்கக்கூடியது 1,460. அப்படியானால் ஒரு படத்துக்கு எத்தனை பொதி? 360. தலை ஸ்கானில் 30 படம் என்றால் 10,800 பொதி. நோயாளியின் பெயருக்கு? ஒன்று, அதுவும் கால்வாசி நிரம்பாதது.

"இப்ப அண்டைக்கு இரவு நடந்ததை யோசியுங்கோ அக்கா. சின்னப் பொதி போயிருக்கு. நிரம்பின பொதி ஒண்டும் போகேல்லை."

அந்த வைத்தியசாலையில் சம்பவத்துக்குச் சில வாரங்கள் முன்பு, நோயாளர் தகவலைப் பிறர் பார்க்காமலிருக்க வீ.பீ.என். என்னும் பாதுகாப்பான சுரங்கவழியை ஏற்படுத்தியிருந்தார்கள். நல்ல காரியம். ஆனால் சுரங்கத்துக்குள் போகும் ஒவ்வொரு பொதிக்கும் மேலே இன்னோர் உறை போட வேண்டும். ஏற்கெனவே 1,500 உள்ள பொதிக்கு மேல் உறை போட்டால் அது 1,500 ஐத் தாண்டிவிடும், வழியால் போகாது. எங்கள் கணினிகள் அனுப்பும் பொதிகளில் "வழியில் வெட்ட வேண்டாம்" என்ற குறிப்பும் இருக்கும். ஆகவே ரவுட்டர் அதை எறிந்துவிட்டு, "பொதி பெரிது, இந்த அளவுதான் போகும், சிறிதாக அனுப்பு" என்று ஒரு சிறு குறிப்பைத் திருப்பி அனுப்பும். அனுப்பிய கணினி அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். இதுதான் ஏற்பாடு. ஆனால் வழியிலிருந்த பாதுகாப்பு அரண் ஒன்றில், அந்த வகைக் குறிப்புகளையெல்லாம் வெளியார் தொல்லை என்று எண்ணி நிறுத்தியிருந்தார்கள். எதிரொலிக்கும் சிறு சோதனைப் பொதியை மட்டும் அனுமதித்திருந்தார்கள். அதனால்தான் சோதித்துப் பார்த்தவர்களுக்கு லைன் நல்லாய்த் தெரிந்தது. எங்கள் கணினியோ, பொதி பெரிது என்று தெரியாமல், அதே பெரிய பொதியை அந்த இரவு முழுவதும் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது.

இது தங்கையின் ஊகம்தான். சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் அந்த இணைப்பை நம்பாமல், படங்களை சீ.டீ.யில் பதிந்து அம்புலன்சோடு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆகவே பிழை இன்னும் அப்படியே இருந்தது. அனுமதி பெற்று, கணினிப் பிரிவுத் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெட்ட வேண்டாம் என்ற குறிப்போடு சோதனைப் பொதிகளை அனுப்பினோம். உள்ளே 1,472 பைற்று வைத்தோம். சோதனைப் பொதியின் தலைப்புகளுக்கு 28, ஆக மொத்தம் 1,500. பதில் இல்லை. 1,300 வைத்தோம். பதில் வந்தது. இடையில் ஏறி இறங்கி, 1,390 இல் பதில் வந்தது, 1,391 இல் வரவில்லை. ஒரு பைற்று. தம்பி கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

அவரை நாங்கள் குறை சொல்லவில்லை, அவரும் மறைக்கவில்லை. யாருடைய பிழை என்று தேடினால் பலர் கையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போகும். அவர் மேலிடத்துக்கு எழுதி, அந்தக் குறிப்பை அரணில் அனுமதிக்கச் செய்தார். ரவுட்டரிலும், தொடர்பு தொடங்கும் "ஹலோ, கேக்குதோ" நேரத்திலேயே சிறிய அளவைப் பேசிக்கொள்ளும்படி மாற்றினார். மாற்றம் செய்ய எடுத்த நேரம் சில நிமிடங்கள். அனுமதிக்குக் காத்திருந்தது மூன்று கிழமை.

முதலில் அனுப்பியது ஒரு வயதான அம்மாவின் ஸ்கான். பாரதூரமாக ஒன்றுமில்லை. மறுமுனையிலிருந்த வைத்தியர் தொலைபேசியில், "முதல் படம் வந்திட்டுது. ரெண்டாவதும் வந்திட்டுது. எல்லாம் வருகுது, ஏன் கேக்கிறியள்?" என்றார். அவருக்குக் கதை தெரியாது. நாங்கள் இருவரும் விடுதிக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

அந்த இளைஞர் இப்போதும் சிகிச்சைக்கு வருகிறார். சென்ற முறை வந்தபோது இதை அவரிடம் சொல்வதா விடுவதா என்று நீண்ட நேரம் யோசித்தோம். சொன்னோம். முழுவதும் கேட்டார். "அப்ப இனி வாறவைக்குப் படம் போகுமோ டொக்டர்?" என்றார். போகும் என்றோம்.

தங்கை அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் வகுப்பை மறுபடி தொடங்குகிறார், இலங்கை நேரம் இரவு எட்டு மணிக்கு. எந்த ஆண்டில் படித்தவரும் சேரலாம், முன்னறிவு தேவையில்லை. பெயர் கொடுப்பதற்கான தாள் மண்டபத்தின் பின்புறம், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் வகுப்புக்குக் கணினி வேண்டாம். ஒரு கடிதமும் கத்தரிக்கோலும் ஆறு உறைகளும் கொண்டுவந்தால் போதும். வீட்டில் இலக்கம் போட்ட பழைய கடிதங்கள் யாரிடமாவது இருந்தால், வெட்டுவதற்கல்ல, பார்ப்பதற்காக, தயவுசெய்து அவற்றையும் எடுத்து வாருங்கள்.